மூன்று வருடம், மூன்று மெமரி கார்டு: எங்கள் பள்ளியின் நூலகப் பெட்டி

மலைக்குக் கீழே ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், உங்க பள்ளியில இருக்கிற அந்தப் பெட்டி மாதிரி எங்களுக்கும் ஒண்ணு வைக்கலாமா?" அவர் கேட்ட நேரத்தில் பெட்டியிலிருந்து, கெட்டுப்போன மூன்றாவது மெமரி கார்டைக் கழற்றி மேஜை மேல் போட்டிருந்தேன். "வேண்டவே வேண்டாம் டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை. அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

பெட்டி என்பது ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி. அதில் உள்ளதெல்லாம் ஒரு மெமரி கார்டில்தான் இருக்கும். அதற்குள் விக்கிப்பீடியாவை இணையமில்லாமல் காட்டும் கிவிக்ஸ், பாடங்களும் பயிற்சிகளும் தந்து பிள்ளைகள் போட்ட விடைகளைப் பதிந்து வைக்கும் கோலிப்ரி என்ற இரண்டு மென்பொருள்கள். இணையம் இல்லாமலே வைஃபை வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா, ஸ்டோரிவீவர் கதைகள், கணக்குப் பயிற்சிகள்.  எங்கள் பள்ளி ஜவ்வாது மலையில் இருக்கிறது. 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. ஆனால் அதை ஸ்கேன் செய்து வீடியோ பார்க்கும் அளவுக்குச் சிக்னல் எங்கள் வகுப்பறைக்குள் வராது. அதற்காகத்தான் இந்தப் பெட்டியை வைத்தேன்.

முதல் வருடம் நான் செய்தது தவறு. பெட்டியிலிருந்து வீடியோவைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. பெரு நாட்டில் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தும் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அதை அப்போதே மனதில் வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் முறையை மாற்றினேன். ஆறாம் வகுப்பு மின்னியல் பாடம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தொகுப்பில் உள்ள மின்சுற்றுச் செயலி எங்கள் பெட்டியில் இருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு டேப்லெட். டேப்பைத் தொடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்தேன். "தொடர் இணைப்பில் இரண்டு பல்பு. ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று என்ன ஆகும்? எழுதிட்டுத்தான் தொடணும்." பாதிப் பேர் "இன்னும் பிரகாசமா எரியும்" என்று எழுதினார்கள். செயலியில் கழற்றிப் பார்த்தார்கள். இரண்டாவதும் அணைந்துவிட்டது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. "சார், டேப் ரிப்பேர்" என்றாள் ஒருத்தி. சரி, நம்ப வேண்டாம் என்று டார்ச் பேட்டரி, ஒயர், சின்ன பல்பு எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். கையால் கட்டிப் பார்த்து அதே விடை வந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு பக்க இணைப்பையும் அவளே கட்டினாள். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரிந்தது. பதினான்கு வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்திய பாடம் இது. இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

விக்கிப்பீடியா தந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் மலையிலேயே இருக்கும் 'காவலூர்' என்ற ஊரைத் தேடினான். வைணு பாப்பு வானாய்வகம், 2.3 மீட்டர் தொலைநோக்கி என்று திரையில் வந்தது. "சார், இது நம்ம மலையா?" என்று மூன்று முறை கேட்டான். இவர்கள் ஊர்ப்பெயர் திரையில் வந்து இவர்கள் பார்த்ததில்லை.

இப்போது கார்டு விஷயம்.

எங்கள் மலையில் கரண்ட் சொல்லாமல் போகும். பெட்டி கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் குலைந்துவிடும். மறுநாள் காலை சிவப்பு விளக்கு எரியும், பச்சை விளக்கு சிமிட்டாது. அப்போதே தெரிந்துவிடும், போச்சு. முதல் கார்டு போனபோது விற்ற கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் மேல் தப்பில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. கார்டின் விலையைவிட வலிப்பது, ஒவ்வொரு முறையும் மலையிறங்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுவதற்கு ஒரு சனி ஞாயிறு போவதுதான்.

பவர் பேங்க் வைத்துப் பார்த்தேன். கரண்ட் போய் வரும் நொடியில் அது ஒரு கணம் விட்டுப் பிடிக்கிறது. பெட்டி அணைந்து எழ அந்தக் கணம் போதும். பிறகு, விவரம் தெரிந்த ஒருவர் சொல்லி ஓவர்லே என்ற அமைப்பைப் போட்டேன். கார்டில் எதுவுமே எழுதப்படாது, எத்தனை முறை கரண்ட் போனாலும் பெட்டி பிழைத்துக்கொள்ளும். ஆனால் பிள்ளைகள் போட்ட பயிற்சிகளைப் பற்றிக் கோலிப்ரி எழுதி வைக்கும் பதிவும் கார்டில் ஏறாமல் அன்றன்றைக்கே அழிந்துவிடும். எந்தப் பிள்ளை பின்னக் கணக்கில் எத்தனை முறை தடுக்கி விழுந்தது என்று மாலையில் பார்த்துத்தான் மறுநாள் யாருக்கு என்ன நடத்துவது என்று முடிவு செய்கிறேன். அது இல்லையென்றால் எனக்கு இந்தப் பெட்டி வெறும் வீடியோ பெட்டி. அதனால் ஓவர்லேயை எடுத்துவிட்டேன். மூன்றாவது கார்டும் போனது.

இப்போது கார்டை ஓவர்லேயில் பூட்டிவிட்டு, பிள்ளைகளின் பதிவை மட்டும் ஒரு பென்டிரைவில் எழுத வைத்திருக்கிறேன். சில நாளாக ஓடுகிறது. பென்டிரைவும் ஒரு நாள் போகலாம். ஆனால் அதை நகல் எடுத்து வைப்பது ஐந்து நிமிட வேலை.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டும், டீச்சர், இன்றைக்கு என் பதில் வேண்டாம்தான். உங்கள் பள்ளியில் இரண்டு பேர்தான் ஆசிரியர்கள். பெட்டி படுத்தால் எழுப்ப ஆள் இல்லை, அடிக்கடி படுக்கும் பெட்டியைப் பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். பெட்டியைப் பிறகு பார்க்கலாம்; கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் கரண்ட் போனாலும் விடாமல் பிடிக்கும் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். மிச்சத்துக்கு டார்ச் பேட்டரி, பல்பு, ஒயர். மின்னியல் பாடம் வரும்போது சொல்லுங்கள், என் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் இறங்கி வருகிறேன். துண்டுத் தாள் மட்டும் நீங்கள் வெட்டி வையுங்கள்.