மட்டக்களப்பில ட்ரேட்மார்க் பதிய ஒரு நல்ல இடம்

எங்கட தங்கச்சி இடிக்கிற கறித்தூளும் வறுத்த அரிசிமாவும் இப்ப லண்டன், கனடா எண்டு போகுது, அதால பேரை பதிஞ்சு வைப்பம் எண்டு டவுனுக்குள்ள ஒரு லோயர் அக்காட ஒபிசுக்கு போனம். பதியிறதோட பிராண்டிங்கும் சேத்து பாக்கிறாங்க. நான் 5க்கு 4 குடுப்பன்.

மிச்சம் பிடிச்ச விஷயம், அவ எடுத்த எடுப்பில போர்ம நீட்டல்ல. பெக்கற்ற வாங்கி மேசையில வச்சு 'மட்டக்களப்பு' எண்டதை ஒரு விரலால மறைச்சா, 'ஸ்பெஷல் கறித்தூள்' எண்டதை மற்ற கையால மறைச்சா, "இப்ப இதில உங்கட எண்டு சொல்ல என்ன கிடக்கு தங்கச்சி?" எண்டு கேட்டா. ஒரு செத்தல் மிளகாய் படம்தான் கிடந்திச்சு. ஊர்ப்பேரும் சாமான்ட பேரும் எல்லாருக்கும் பொது, அதுகள மட்டும் வச்சு தனி ஒருத்தருக்கு உரிமை எடுக்கேலாது எண்டா. முன்னம் போன டிசைன் கடையில இத ஒருத்தரும் சொல்லல்ல, லோகோவ வடிவா கீறி, பதியாத பேருக்கு, பதிஞ்ச பேர் எண்டு காட்டுற வட்டத்துக்குள்ள ஆர் எழுத்தையும் போட்டுத் தந்திருந்தாங்க. கன நாட்டில அது குற்றமாம். பதியும் மட்டும் டிஎம், அதாவது ட்ரேட்மார்க் எண்டதுட சுருக்கம், போடலாம்.

அடுத்தது வெளிநாட்டு விஷயம். இலங்கையில பதிஞ்சா இலங்கைக்கு மட்டும்தான், 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். கனடாவுக்கு கனடாவில, லண்டனுக்கு பிரிட்டன்ல தனியா பதியணும். ஆனா இங்க விண்ணப்பம் போட்டு 6 மாசத்துக்குள்ள அங்கயும் போட்டா, கன நாடுகள் சேந்து செய்த பாரிஸ் ஒப்பந்தப்படி இங்கத்தய திகதியே அங்கயும் செல்லும், இத தெரியாம எத்தின பேர் பிந்திப் போறாங்க! அமெரிக்காவில பாவிச்சாலே ஒரு உரிமை வரும், சீனாவில பெரும்பாலும் முதல் பதிஞ்ச ஆளுக்குத்தான். ஆஸ்திரேலியாவில பேர்கர் கிங் எண்ட பேர் வேற ஆள்ட கையில இருந்ததால அந்த பெரிய கொம்பனிட கடையே 1971ல ஹங்ரி ஜாக்ஸ் எண்ட பேரிலதான் அங்க தொடங்கிச்சு. அதால பேர் வைக்க முதலே விக்கப்போற நாட்டுப் பதிவெல்லாம் தேடிப் பாக்கணும், பெக்கற் அடிக்கிறது பிறகு. எங்களுக்கு ஒபிசிலயே கம்பியூட்டர திறந்து, பக்கத்தில இருத்தி தேடிக் காட்டினா.

கண்ட நாட்டிலயெல்லாம் பதிய தள்ளிவிடவும் இல்ல. கனடாவில 3 வருஷம், பிரிட்டன்ல 5 வருஷம் பாவிக்காம போட்டு வச்சா ஆரும் கேட்டு ரத்து பண்ணலாம், விக்கிற இடத்துக்கு மட்டும் காச செலவழியுங்க எண்டா. பதியக்குள்ள சாமான்கள வகுப்பு வகுப்பா பிரிச்சிருக்கு, தூளும் மாவும் ரெண்டும் 30ம் வகுப்பு எண்டதால ஒரு வகுப்புக்குத்தான் காசு எடுத்தா. கேட்டு வாங்கி தின்ன ஆள் இல்லாத நாட்டுக்கு என்னத்துக்கு பதிவு, சரியான கதைதானே.

ஒரு புள்ளி குறைச்சது, தேடின ரிப்போட் முழுக்க இங்கிலிசில. எங்கட அம்மா மாதிரி ஆக்கள் தொழில் நடத்தக்குள்ள தமிழ்ல ஒரு பக்கமாவது தரணும், இத நேரிலயும் சொன்ன நான். போன் எடுத்தா சிலநேரம் பிந்தித்தான் திருப்பி எடுப்பாங்க.

கல்முனை, சம்மாந்துறை பக்கம் சாரி, தேன், மாசி எண்டு பேர் போட்டு விக்கிற ஆக்களும் போகலாம். சனிக்கிழமை பின்னேரம் சனம் குறைவு, ஆறுதலா கதைக்கலாம், லோகோ கீறின ஆள் உரிமைய உங்களுக்கு தாறதா எழுதி சைன் வச்ச கடதாசியும் கொண்டு போங்க, முதல் அதத்தான் கேப்பா.