ஸ்டீம் டெக்கும் உச்சந்தலை ஓட்டையும்

போன கிழமை மூன்றாவது யூஎஸ்பி ஹப்பும் (ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கும் பெட்டி) செத்தது. அதே நாள் பார்த்து நண்பன் கேட்கிறான்: "மச்சான், நீ அந்த ஸ்டீம் டெக்கைத்தானே கம்ப்யூட்டராப் பாவிக்கிறாய்? நானும் ஒன்று எடுக்கட்டா?" சூடு ஆறுமுன் எழுதுகிறேன், காரம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் டெக் என்பது கையில் பிடித்து கேம் விளையாடுகிற சின்னக் கணினி. இரண்டரை வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் என் ஒரே கணினி அதுதான். இங்கே முறைப்படி விற்பனைக்கு இல்லை. லண்டனில் இருந்து மச்சாள் கொண்டுவந்தார். சார்ஜர் பிளக்காவது நம்ம சுவருக்குப் பொருந்தியது. பார்ப்பது மொழிபெயர்ப்பு வேலை. 16 ஜிபி நினைவகத்துக்கு லிப்ரே ஆபிஸும் பயர்பாக்ஸும் ஒரு பொருட்டே இல்லை. தமிழ்? விசைப்பலகை அமைப்பில் இலங்கைக்குக் கீழேயே தமிழ்நெட் 99 என்கிற தமிழ் விசை அமைப்பு கிடக்கிறது. அது போதாதென்று பேக்மேன் என்கிற மென்பொருள் நிறுவி வழியாக வேறொரு தட்டச்சுக் கருவி போட்டேன், அடுத்த அப்டேட் அதைத் துடைத்துவிட்டது. இதன் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸின் அடிப்பகுதி பூட்டித்தான் வரும். பூட்டை உடைத்தது என் பிழை. (கேம் விளையாடியது மொத்தம் மூன்று தரம்.)

ஆனால் அந்த ஓட்டை! இருப்பதே ஒரு யூஎஸ்பி-சி, அதையும் உச்சந்தலையில் வைத்திருக்கிறார்கள். கரண்ட், மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வர வேண்டும். ஹப்பின் கட்டை வயர் குடுமி மாதிரி மேலே நிற்கும். மகள் மேசையில் இடித்துக்கொண்டு ஓடினால் போதும், மொனிட்டர் கறுத்துவிடும். கீபோர்டும் கூடவே போவதால் கன்ட்ரோல் எஸ் அழுத்தவும் வழியில்லை. முதல் ஹப் அப்பளம் பொரிக்கிற சூடு. இரண்டாவது நினைத்த நேரம் மொனிட்டரை மறந்துபோகும். மூன்றாவது ஒரு நாள் சும்மா நின்றுவிட்டது. கீழே இன்னொரு ஓட்டை போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதாகச் சொன்னார்களே, அந்த ஞாயிறு. ஃபேன் நின்றது, ரவுட்டர் நின்றது, மொனிட்டர் போனது. திங்கள் காலை கொடுக்க வேண்டிய உறுதிப் பத்திரம் மட்டும் ஒரு எழுத்தும் சிந்தாமல் 7 அங்குலத் திரையில் வந்து உட்கார்ந்தது. வலப்பக்கத் தொடுதட்டில் விரலைத் தேய்த்து, ஆர்2 பொத்தானை அழுத்தி, முதலில் சேமித்தேன். அப்புறம் ஸ்டீம் பொத்தானோடு எக்ஸ் அழுத்தினால் வருகிற திரைக் கீபோர்டில் கோழி கொத்துவதுபோல் கொத்தி, மிச்ச ஆங்கிலப் பந்தியையும் முடித்தேன். 2022இல் 13 மணிநேர மின்வெட்டு பார்த்தவனுக்கு அந்த 40 வாட்-அவர் பற்றரி எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளிநாட்டுக்காரருக்கு விளங்காது.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? வாங்காதே, அந்தக் காசுக்கு நல்ல பழைய லப்டொப் எடு என்றேன்.

"அப்ப உன்னுடையதை எனக்கு விற்கிறாயா?"

"போடா விசரா."

நாளைக்கு நாலாவது ஹப் வாங்கப் பம்பலப்பிட்டிக்குப் போகிறேன். வயர் நீட்டாக உள்ளதாகப் பார்க்க வேண்டும்.