மர ஃப்ரேம்ல ஸ்க்ரூவ நேரா போடலாமா, 45 டிகிரி சாய்ச்சு போடலாமா?

யூரோகோட் 5 (மரக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய டிசைன் விதிமுறை) படி கணக்கு போடுறவங்க இந்த இடத்துலதான் ரொம்ப குழம்புறாங்க. நேரா போட்டா லோடு ஸ்க்ரூவுக்குக் குறுக்கா வரும், அப்போ 1949ல டென்மார்க் இன்ஜினியர் ஜோஹன்சன் கொடுத்த முறைதான், மரம் நசுங்குதா, ஸ்க்ரூ வளையுதான்னு ஒவ்வொரு வகைக்கும் எவ்ளோ லோடு தாங்கும்னு பாத்து அதுல சின்ன நம்பர எடுக்கணும். லோடு தாங்காத ஜாயின்ட்ட பிரிச்சு பாருங்க, உள்ள ஸ்க்ரூ இசட் மாதிரி மடங்கியிருக்கலாம்.

சாய்ச்சு போட்டா ஸ்க்ரூ இழுவைல வேலை செய்யும், மரத்துக்குள்ள மரை எவ்ளோ நீளம் பிடிச்சிருக்குங்கறதுதான் முக்கியம். சி24 (மரத்தோட பலத் தரம்) மரம், 8 எம்எம் ஸ்க்ரூ, 80 எம்எம் மரைப்பிடிப்புன்னு வச்சுக்கோங்க, 45 டிகிரில பிடுங்கு பலம் சுமார் 7.5 கிலோநியூட்டன், அதுல லோடு திசைல கிடைக்கிறது 5.3. நடுத்தர கால லோடுன்னா 0.8ஆல (லோடு எவ்ளோ காலம் இருக்குங்கறதுக்கான குறைப்பு) பெருக்கி 1.3ஆல (பாதுகாப்புக்கான எண்) வகுங்க, கைல சுமார் 3.26 கிலோநியூட்டன்தான் நிக்கும். இத மறந்துட்டு 5.3ஐயே டிசைன்ல போடுறது ரொம்ப ஆபத்துங்க.

ஜாயின்ட் நகரக்கூடாதுன்னா என் ஓட்டு சாய்வுக்குத்தான், முழு மரை ஸ்க்ரூவா இருக்கணும், பாதி மரைன்னா தலை மரத்துக்குள்ள புதைஞ்சு போகுதான்னும் செக் பண்ணணும். ஆனா காத்து மாதிரி லோடு திசை மாறுற இடத்துல ஒரே பக்கம் சாய்ச்சு விட்றாதீங்க, எக்ஸ் மாதிரி ஜோடியா போடுங்க.