நன்றி: கூகுள்

பயணப் படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் போடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் தெரியும் படங்கள் பெரும்பாலும் அந்தக் கிடங்கில்தான் இருக்கின்றன, காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம். இதெல்லாம் தெரிந்ததுதான். ஹம்பிக்குக் கிளம்பும் நண்பன் ஒருவன், "நீ படமெல்லாம் போடுறியே, அங்கேயே நானும் போட்டுடவா?" என்று கேட்டான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போன மாதம் கேட்டிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் படம் போட்டு வைத்த இடங்கள் நிலைத்து நிற்பதில்லை. ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. படங்களை வரைபடத்தின் மேல் இடம் பார்த்துக் குத்தி வைக்க உதவிய பனோரமியோ 2016-ல் போனது. பிகாசா வெப் ஆல்பமும் அதே வருடம்தான். ஃப்ளிக்கர் 2013-ல் ஆளுக்கு ஒரு டெராபைட் இலவசம் என்றது. 2018-ல் கைமாறிய பிறகு இலவசக் கணக்கு என்றால் ஆயிரம் படம்தான். கூகுள் ஃபோட்டோஸில் 2021 ஜூன் முதல், ஜிமெயிலோடு சேர்த்து 15 ஜிபிக்குள் குடித்தனம் நடத்த வேண்டும். அவரவர் தொழில், அவரவர் கணக்கு. ஆனால் 2004-ல் தொடங்கிய பொதுவகத்தில் இன்று பத்து கோடிக்கும் மேல் கோப்புகள் இருக்கின்றன. நான் ஏற்றிய படங்களும் ஏற்றிய அதே அளவில், ஒரு பிக்சல்கூடச் சுருங்காமல் அங்கே கிடக்கின்றன.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்றும் உண்டு. விராலிமலைப் பக்கம் சாலையோரத்தில் ஒரு பாட்டி சாக்கை விரித்துக் கொடுக்காப்புளி விற்றுக்கொண்டிருந்தார். சுருண்டு சிவந்த காய்கள். சிலது வாய் பிளந்து வெள்ளைச் சதையும் கறுப்பு விதையும் வெளியே தெரிந்தன. பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் போனில் எடுத்தது. சும்மா ஏற்றி வைத்தேன். பொதுவகத்தில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கீழே, எந்தெந்த மொழி விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையில் அந்தப் படம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். ஒருநாள் பார்த்தால் என் கொடுக்காப்புளி ஸ்பானிய மொழிக் கட்டுரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மரமே மெக்சிகோ பக்கத்தது. ஸ்பானியர்கள் பிலிப்பைன்சுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆசியாவெங்கும் பரவியது. இப்போது அதன் சொந்த ஊர்க்காரர்கள் விராலிமலைச் சாக்கைப் பார்த்துக் காயை அடையாளம் தெரிந்துகொள்கிறார்கள். நான் பாடுபட்டு எடுத்த கோபுரங்களுக்குக் கிடைக்காத மரியாதை இது. கோபுரத்தை எல்லோரும்தான் எடுக்கிறார்கள்.

இன்னொன்று, முகம் தெரியாத ஆட்களின் உழைப்பு. படத்தை ஏற்றிவிட்டுத் தூங்கப் போனால், காலையில் யாரோ சாய்ந்திருந்த அடிவானத்தை நிமிர்த்தி, சரியான பகுப்பில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கும் கேமராப் பெயரோடு கொடுத்தால் தளமே வாங்காது. என்ன, எங்கே என்று பெயர் வைக்கச் சொல்லும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது பழைய படத்தைத் தேடும்போது அந்தப் பெயர்தான் காப்பாற்றுகிறது.

சரி, நல்லது முடிந்தது. இனி நார்த்தாமலை.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், கீரனூர் தாண்டினால் நார்த்தாமலை. வெறும் பாறை மேல் ஏறிப் போனால் விஜயாலய சோழீஸ்வரம். பெயரில் சோழர் இருந்தாலும் முத்தரையர் காலத்துக் கோயில் என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை. மேற்குப் பார்த்த கோயில் என்பதால் காலையில் போனால் முகப்பு நிழலில் கிடக்கும். சாயங்கால வெயில் முகப்பில் நேராக விழும்போது கல் அப்படியே பழுக்கும். அந்த வெயிலுக்காகக் காத்திருந்து எடுத்த படம். இடது ஓரத்தில் பாறை மேல் ஒரு வெள்ளாடு நிற்கிறது, அதன் நிழல் அதைவிட மூன்று மடங்கு நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அந்த ஆட்டால்தான் எங்கே பார்த்தாலும் இது என் படம் என்று சொல்ல முடிகிறது.

எங்கெங்கோ பார்க்கிறேன். ஒரு ஆன்மிக மாத இதழ், அடியில் "நன்றி: கூகுள்". ஒரு யூடியூப் காணொளியின் முகப்பு, மேலே மஞ்சள் எழுத்தில் "சோழர்களின் மர்மக் கோயில்". ஒரு நாளிதழின் இணைப்பு, "படம்: இணையம்". இணையம் என்பவர் எந்த ஊர்க்காரர், பாறை ஏறும்போது தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாரா என்று கேட்கத் தோன்றும்.

இதில் கூகுளின் குற்றம் எதுவும் இல்லை. படத்தேடலில் உரிமம் பார்த்து வடிகட்ட வசதி இருக்கிறது. 2020-லிருந்து, உரிம விவரம் சேர்த்த படங்களின் மேல் சின்ன அடையாளமும் போடுகிறார்கள். அதைச் சொடுக்கிப் பார்க்கும் ஆளைத்தான் காணோம். படம் கிடைத்தது தேடுபொறியில் என்பதால் நன்றியும் அதற்கே போய்விடுகிறது.

நான் கேட்பது காசு அல்ல. இது நண்பர்கள் பலருக்குப் புரிவதில்லை. பொதுவகத்தில் படம் போடும்போதே, அதை யார் வேண்டுமானாலும் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொள்கிறோம். "வியாபாரம் கூடாது" என்ற நிபந்தனையோடு வரும் படங்களை அங்கே சேர்க்கவே மாட்டார்கள். நான் வைத்திருப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வரிசையில் ஒன்றான சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமம். காலண்டர் அடித்து விற்றாலும் எனக்கு ஒரு பைசா தர வேண்டாம். எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், முடிந்தால் படத்துக்கு இணைப்பு, மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று ஒரு சொல். படத்தையே திருத்தி வேறு வேலை செய்தால் அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும். அவ்வளவுதான். பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பாடு.

மின்னஞ்சல் எழுதிப் பார்த்துவிட்டேன். பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. சிலர், "நெட்ல இருந்தா பப்ளிக்தானே சார்?" என்று நமக்கே பாடம் நடத்துவார்கள். பெயர் போடுங்கள் என்று கேட்டால் படத்தையே தூக்கிவிடும் ரகம்தான் எனக்கு ரொம்பவே வயிற்றெரிச்சல். மன்னிப்புகூட வரும், "சார் ரிமூவ் பண்ணிட்டோம்" என்று. ஐயா, நான் எடுக்கச் சொல்லவே இல்லையே! இத்தனைக்கும் 4.0 உரிமத்தில், தவறு தெரிந்து முப்பது நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை தானாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று தாராளமாகவே எழுதியிருக்கிறது. ஒரு இதழ் மட்டும் அடுத்த மாதம் மறக்காமல் திருத்தம் போட்டது: "சென்ற இதழ் நார்த்தாமலைப் படம்: விக்கி." வீட்டில் இன்றுவரை யார் அந்த விக்கி என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

பெயரைப் படத்தின் மேலேயே எழுதிவிட்டால் என்ன? பொதுவகத்தில் அதை விரும்புவதில்லை. எழுதினாலும் யாராவது அழித்துச் சுத்தம் செய்துவிடலாம். அதில் எனக்கும் உடன்பாடுதான், கோயில் நெற்றியில் என் பெயர் எதற்கு? கேமராவில் பெயரைப் பதிந்து வைத்தால் ஒவ்வொரு படத்தின் உள்தகவலிலும் அது போய் உட்கார்ந்துகொள்ளும், பொதுவகமும் அதை அப்படியே வைத்திருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக ஒருமுறை அனுப்பினால் போதும், அளவும் குறைந்து உள்தகவலும் உதிர்ந்துவிடும். நம் ஊரில் ஒரு படம் அச்சகத்துக்குப் போகும் வழியே வாட்ஸ்அப்தான்.

இனி, என் படம் ஏறியிருந்த ஒரு ஃப்ளெக்ஸ் பலகைக்கு வருகிறேன். ஒரு சுற்றுலா வேன்காரரின் விளம்பரம், பேருந்து நிலையம் எதிரே. ஓரத்தில் என் கோயில், நடுவில் அவர் கைகூப்பி நிற்கிறார். வடிவமைத்தவர் ஆடு இடைஞ்சல் என்று அழித்திருக்கிறார். நிழலை விட்டுவிட்டார். வெறும் பாறையில் நான்கு கால், இரண்டு கொம்போடு ஒரு நிழல் மட்டும் நீளமாகக் கிடக்கிறது. பத்தடி உயரத்தில் அதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, பக்கத்திலிருந்தவரிடம் காட்டினேன், அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும்தான் கோபம். ஆட்டை அழிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நாலு எழுத்துப் பெயரைத் தட்டியிருக்கலாமே.

சிசி0 என்று ஒன்று உண்டு. பெயரே வேண்டாம், எப்படியோ பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுவது. என் ரத்தக்கொதிப்புக்கு அதுதான் மருந்து என்று ஒரு விக்கி நண்பர் சொல்கிறார். சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் கை வரமாட்டேன் என்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் கோபப்படும் உரிமையும் போய்விடுமே!

கிளம்புகிறவர்களுக்கு மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்பத்தோடு நின்று எடுத்த படங்கள், கோயில் வாசலில் செல்ஃபி, இதற்கெல்லாம் பொதுவகம் இடமல்ல. அவை வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு, ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் தரம் குறையாது. போன் படங்களில் இடக்குறியீடு ஒளிந்திருக்கும். கோயிலுக்கு அது நல்லது. வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்த மழைமேகத்துக்கு வேண்டாம், நீக்கிவிட்டு ஏற்றுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டடங்களையும் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளையும் படம் எடுத்துப் போடத் தடை இல்லை. ஆனால் புதிதாக வரைந்த சுவரோவியங்கள் அந்த விலக்கில் வராது என்பது பொதுவகத்தின் கணக்கு. அதனால் சென்னை கண்ணகி நகர்ச் சுவர்களை எடுத்தால் ஆல்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போனால் சட்டம் இன்னும் வேறு மாதிரி. பாரிஸ் லூவர் வாசலில் இருக்கும் கண்ணாடிப் பிரமிடை மட்டும் பெரிதாக எடுத்துப் போட்டால் நீக்கிவிடுவார்கள். கட்டியவர் ஐ. எம். பெய் 2019-ல்தான் இறந்தார், அவர் உரிமைக்கு இன்னும் பல பத்தாண்டுகள் உயிர் இருக்கிறது.

இன்னொன்றும் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. எங்கும் பயன்படாத படமாக இருந்து, ஏற்றிய ஏழு நாளுக்குள் கேட்டால் நீக்கித் தருவார்கள். அதற்கு அப்புறம் மனசு மாறினால் மாறியதுதான். ஃப்ளெக்ஸ் பார்த்த அன்று நார்த்தாமலைப் படத்தை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அது நடக்காது.

ஆக, நண்பனுக்கு நான் சொன்னது, "போடாதே." இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தவில்லைதான். ஆனால் அவனை எனக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்தில் தன் தலை பாதி வெட்டுப்பட்டதற்கு ஸ்டுடியோக்காரரோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவன். கேட்காமல் போட்டே தீருவான் என்றால் ஹம்பிக் கல் ரதத்தை விட்டுவிடட்டும், அது ஐம்பது ரூபாய் நோட்டிலேயே இருக்கிறது. ஆனெகுந்தி பக்கம் துங்கபத்திரையைக் கடக்கும் பரிசலை அடிப்பக்கம் தெரியக் கவிழ்த்து வைத்திருந்தால் அதை எடுக்கட்டும். தார் பூசிய பின்னல் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைத்தான் யாராவது தேடுவார்கள், அதைத் திருடிக் காலண்டர் போடவும் ஆள் இருக்காது.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. தளத்துக்கு ஐந்தும் கொடுக்கலாம், குறைகிற மூன்றும் ஃப்ளெக்ஸ்காரருடையது. அவர் பலகையில் போட்டிருந்த எண்ணுக்கு உரிமத்தின் பக்கத்தையும் படத்தின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் வந்தால் மதிப்பெண்ணைத் திருத்துகிறேன்.