கே.சி.ஐ. பேப்பர்: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

நாய்க்குட்டி விளம்பரம் எதைப் பார்த்தாலும் இரண்டு விலை இருக்கும்: பேப்பரோடு ஒன்று, பேப்பர் இல்லாமல் ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் (கே.சி.ஐ.) பதிவுச் சான்றிதழைத்தான் ‘பேப்பர்’ என்கிறார்கள். வம்சத்தை அறிய அதற்கு ஐந்துக்கு நான்கு தரலாம். தாய்நாயை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கோ ஒன்றுகூடத் தேறாது.

இனம், பிறந்த தேதி, தாய் தந்தை, முன்னோர் வரிசை, மைக்ரோசிப் எண் ஆகியவை அதில் இருக்கும். உண்மையில் உதவுவது கடைசியாகச் சொன்ன 15 இலக்க எண்தான். அந்த எண்ணைக் கொண்ட அரிசி மணி அளவு சிப், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும். பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்யுங்கள். சிப் சில நேரம் கழுத்துப் பக்கமோ முன்னங்கால் பக்கமோ நகர்ந்துவிடும். அங்கும் ஸ்கேனரை ஓட்டச் சொல்லுங்கள். எண் பொருந்தவில்லை என்றால் அந்தப் பேப்பர் இந்தக் குட்டியுடையது அல்ல. “பேப்பர் பின்னாடி வரும்” என்றால் வராது என்றே வைத்து விலை பேசுங்கள்.

பேப்பர் சொல்லாததைச் சட்டம் கேட்கிறது. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்து, வாழ்நாளில் ஐந்து ஈத்துதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. கே.சி.ஐ. சான்றிதழைக் காட்டி “எல்லாம் பதிவு பண்ணது” என்பார்கள். அது நாயின் பதிவு. வாரியப் பதிவு வளர்ப்பாளருடையது. இரண்டும் வேறு.

வயதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும் ஐந்து வாரக் குட்டி சீக்கிரம் விலைபோகும். தேதியை நம்பாமல் வாயைத் திறந்து பாருங்கள். பால் பற்கள் மூன்றாவது வாரம் முளைக்கத் தொடங்கும். எட்டு வாரத்தில் அநேகமாக 28-ம் வந்திருக்கும். பின்பக்க ஈறு வெறுமையாக இருந்தால் 56 நாள் ஆகியிருக்க வாய்ப்பு குறைவு. தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், மருத்துவர் கையெழுத்து, பதிவு எண் மூன்றும் வேண்டும். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றினால் அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். வாங்கும்போது துள்ளிய குட்டி வீட்டுக்கு வந்து நாலாம் நாள் ரத்தமாகக் கழிவது இதனால்தான்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தாயைக் காட்டச் சொல்லுங்கள். எட்டு வாரத்திலும் மடி கொஞ்சம் தொங்கலாகத்தான் இருக்கும். ஒட்டிய வயிறோடு இருப்பதைத் தாய் என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். முழங்கையில் காய்ப்பு, வளைந்து நீண்ட நகம், மூத்திரக் கறை ஏறிய பாதம் ஆகியவை கூண்டு வாழ்க்கையின் அடையாளம். “தாய் பண்ணையில் இருக்கு, குட்டியை ஆம்னி பஸ்ஸில் போட்டு விடுறோம்” என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒரே ஆளிடம் ஐந்தாறு இனம் கிடைத்தால் அவர் வியாபாரிதான், வளர்ப்பாளர் அல்ல.

நாட்டு நாயிலும் பேப்பர் மட்டும் போதாது. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. கூட்டத்தில் அது தெரியாது. மற்றக் குட்டிகள் திரும்பினால் இதுவும் திரும்பும். தனியே பிரித்து, அது வேறுபக்கம் பார்க்கும்போது சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கைதட்ட வேண்டாம், காற்றசைவு காட்டிக்கொடுத்துவிடும்.

பேப்பரே தேவைப்படாதவர்களுக்கு புளூ கிராஸ் போன்ற காப்பகங்களின் வளர்ந்த நாய்கள் நல்ல தேர்வு. அளவும் குணமும் அப்போதே தெரிந்துவிடும்.

வளர்க்க முடியாமல் நாயைக் கைமாற்றுபவர்களுக்கும் இந்தப் பேப்பரில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பேப்பர் உள்ள பெட்டை, இலவசம்’ என்று போட்டால் முதலில் அழைப்பவர்களில் குட்டி போட வைக்கத் தேடுகிறவர்களும் இருப்பார்கள். கருத்தடை முடித்து, அந்தச் சான்றைப் புத்தகத்தில் ஒட்டிய பிறகு விளம்பரம் கொடுங்கள். பாதி அழைப்புகள் தானாக நின்றுவிடும்.