தாவரப் பாதுகாப்பில் கோடைகால ஆய்வுப் பயிற்சி: போகலாமா?

இளங்கலை மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஆய்வுப் பயிற்சி தரும் தாவரவியல் பூங்காக்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில், அரிய தாவரங்களைப் பாதுகாக்கும் பிரிவில் போன கோடையைக் கழித்தேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த ஆய்வில் உங்களைச் சேர்க்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

விளம்பரத்தில் மலைச்சரிவும் அபூர்வப் பூவும் இருக்கும். உள்ளே போனால் பாதி நாள் எண்ணுகிற வேலைதான். சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் எத்தனை செடி, எத்தனை பூத்திருக்கிறது, எத்தனை நாற்று என்று குனிந்தபடியே எண்ண வேண்டும். நாற்றா, பக்கத்துக் களையா என்று கண்டுபிடிக்கக் கண் பழகுவதற்குள் இடுப்பு போய்விடும். இருந்தாலும் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அந்த எண்ணிக்கை எங்கே போய்ச் சேருகிறது என்று எங்கள் வழிகாட்டி உட்காரவைத்துக் காட்டினார். செடி இருக்கும் இடங்களை வரைபடத்தில் 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாகக் குறிக்கிறார்கள். மொத்தமே இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிட்டால் 10 சதுர கி.மீ.க்குக் குறைவு, ஐ.யூ.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' ஆகும் அளவு அது. ஆனால் பரப்பு மட்டும் போதாது. செடிகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பது போன்ற சான்றும் வேண்டும். அந்தச் சான்றைத்தான் நாங்கள் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தோம்.

விதைகளைச் சேமித்து வைக்கும் விதைக்கூடம் இன்னும் பிடித்தது. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. அன்றைக்கு முதிர்ந்து நிற்கும் விதையில் 20 சதவீதத்துக்கு மேல் தொடக் கூடாது. முடிந்தால் 50 செடிகளிலிருந்தாவது எடுக்க வேண்டும். 15 டிகிரியில், காற்றின் ஈரப்பதம் 15 சதவீதமாக இருக்கும் அறையில் காயவைத்து, அப்புறம்தான் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டி. விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் டெட்ராசோலியம் சோதனையை எங்கள் கையாலேயே செய்யவிட்டார்கள். ஊறிய விதையைப் பிளேடால் நெடுக வெட்டி, நிறமில்லாத கரைசலில் இருட்டில் வைத்தால், உயிருள்ள திசு மட்டும் சிவக்கும். ஒரு விதையில் கரு முழுக்கச் சிவந்து, வேர் நுனி மட்டும் வெள்ளையாக இருந்தது. பாதிக்குமேல் சிவப்புதானே என்று பிழைத்த கணக்கில் சேர்க்க முடியாது. வேர் நுனி செத்துவிட்டால் அது முளைக்காது.

இனி குறை. எனக்குக் கொடுத்த ஆய்வு, ஆழ்ந்த உறக்கநிலை உள்ள ஒரு செடியின் விதையை முளைக்கவைப்பது. அந்த மாதிரி விதை, ஈரமான குளிரில் சில மாதங்கள் கிடந்தால்தான் விழிக்கும். பயிற்சியோ ஒரு கோடைதான். முந்தின குளிர்காலத்திலேயே விதையைக் குளிரில் போட்டு வைத்திருந்தால் நாங்கள் வந்ததும் வேலை தொடங்கியிருக்கும். யாரும் போடவில்லை. அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் பீல் 1879-இல் மண்ணில் புதைத்த விதைகளில் சில 2021-இல் தோண்டியெடுத்தபோதும் முளைத்தன என்று முதல் வார வகுப்பில் பெருமையாகச் சொன்னவர்கள்தான் இவர்கள்! முளைக்காத பெட்ரி தட்டுகளை வைத்துக்கொண்டு கடைசி வாரம் போஸ்டர் போடச் சொன்னார்கள். ஒப்பிடுவதற்காக எதுவும் செய்யாமல் வைத்த கட்டுப்பாட்டுத் தட்டு பூஜ்யம், சோதனைத் தட்டும் பூஜ்யம், அதற்கு ஒரு வரைபடம் வேறு.

என்னோடு வந்த தோழிக்கு உலர்தாவர மாதிரிகள் கிடைத்தன. பழைய தாள்களில் ஒட்டிய செடி பூத்திருக்கிறதா என்று பார்த்து, லேபிளில் உள்ள தேதியைப் பதிவுசெய்து, பூக்கும் காலம் நகர்ந்திருக்கிறதா என்று கணக்கிடும் வேலை. வெயில் கிடையாது, முளைக்கக் காத்திருக்க வேண்டாம், கோடைக்குள் முடிந்தும்விட்டது. இடம் எழுதாத லேபிள்களைத் திட்டியதைத் தவிர அவளுக்கு வேறு வருத்தமில்லை.

விண்ணப்பிக்கும்போது உதவித்தொகை, தங்குமிடம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கூடவே, தரவு கோடைக்குள் கிடைத்துவிடுமா, கிடைக்காவிட்டால் நாங்கள் போன பிறகு தட்டுகளை யார் எண்ணுவார்கள் என்றும் கேளுங்கள். நான் கிளம்பும் நாளில் இதைக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். இன்னொரு முறை வாய்ப்பு வந்தால் மறுபடியும் போவேன், ஆனால் உலர்தாவரப் பிரிவுக்கு.