வேலூர் ஷோரூமா, சென்னை கொட்டேஷனா, பாய் கன்சல்டிங்கா?

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். சத்துவாச்சாரியிலிருந்து சி.எம்.சி.க்கு ஆட்டோவில் குனிந்து ஏறி இறங்க அவரால் ஆகவில்லை. கார் வாங்குவது என்று முடிவானதும் மூன்று இடம் பார்த்தோம். உள்ளூரில் ஒரு ஷோரூம், சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் அதே கம்பெனியின் பெரிய ஷோரூம், தெரிந்த பாய் ஒருவரின் செகண்ட் ஹேண்ட் கன்சல்டிங்.

சென்னையை முதலில் முடித்துவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. போன் செய்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் தனித்தனியாக. உள்ளூர் விலையைவிட 21,000 குறைவு. பேசியவர் வாய்க்கு வாய் ‘சார்’ போட்டார். ஆனால் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: கேஷா, லோனா? வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. அதைக் குறையாகவும் சொல்ல மாட்டேன். ஒளிவுமறைவு இல்லாத ஒரு தாளும் ஒருவகை மரியாதைதான்.

உள்ளூர் ஷோரூமில் எங்களுக்கு வாய்த்தது இருபத்தைந்து வயதுப் பையன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான். நாங்கள் மனதில் வைத்திருந்த மாடலில் அப்பா ஏறும்போது முட்டி டேஷ்போர்டில் இடித்தது. அவர் முகம் சுளித்ததை நான் கவனிக்கவில்லை, அவன் கவனித்தான். மதியமே இன்னொரு வண்டியோடு வந்து நின்றான். "இதுல பாருங்கப்பா. காலத் தூக்க வேணாம். மொதல்ல உக்காருங்க, அப்புறமா காலத் திருப்பிக்கலாம்." சீட் சரியாக இடுப்பு உயரம். அப்பா நான்கு தடவை ஏறி இறங்கினார், நான்காவது தடவை சும்மா ஆசைக்கு. அந்த மாடல் நாங்கள் கேட்டதைவிட விலை குறைவு. என்னைக் காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலுக்குள் ஓட்டவிட்டு, "கிளட்ச் கனமா இருக்கான்னு இங்கதான் சார் தெரியும்" என்றான்.

இத்தனைக்கும் பிறகு பில் வந்தது. ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு தொகை, கேட்காத ஆக்சசரீஸ், சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று ஏகப்பட்ட கவர் சேர்த்த இன்சூரன்ஸ். வேலூரில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் வாழ்நாள் வரி விகிதம் ஒன்றுதான். 2023 நவம்பரில் உயர்த்தியதிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். அதனால் விலை வித்தியாசம் ஒளிந்திருப்பது பில்லில் சேர்க்கும் இந்த மாதிரி அயிட்டங்களில்தான். புது காருக்கு மூன்று வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். ஆனால் அதை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பையனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் மேலேர்ந்து போடறது சார்" என்றான். அவன் காட்டிய அக்கறையும் பொய்யில்லை, அந்த பில்லும் பொய்யில்லை.

பாய் விஷயம் வேறு. அங்கே போனால் வண்டிப் பேச்சுக்கு முன்னால் டீ, அப்பாவின் சர்க்கரை அளவு, பிள்ளைகளின் படிப்பு. ஒரு வண்டியைக் காட்டி, "இதோட முன் ஃபெண்டர் ரீபெயின்ட்டு, உங்களுக்கு வேணாம்" என்று அவரே ஒதுக்கினார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு அது தயாரான வாரம், கடைசி இரண்டு தயாரான வருஷம் என்று விரலை வைத்துப் படித்துக் காட்டினார். ஃபைனான்ஸ்காரர் "ஏழு பர்சன்ட்தான்" என்றபோது, "ஃப்ளாட்டுனு சேத்து சொல்லுப்பா" என்று அதட்டியதும் அவர்தான். ஃப்ளாட் என்றால் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கும் வட்டி. 5 லட்சத்துக்கு ஐந்து வருஷம் அந்தக் கணக்கில் வட்டி 1,75,000, மாதத் தவணை 11,250. குறையும் அசலுக்கு வட்டி போடும் பேங்க் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 12.5 சதவீதம்.

இவ்வளவு நல்ல மனுஷர், எங்களுக்குப் பிடித்த வண்டியின் ஆர்.சி.யில் பழைய லோன் இன்னும் நிற்பதை மட்டும் சாதாரணமாகச் சொன்னார். லோன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் கம்பெனி தரும் என்.ஓ.சி.யும் வரவில்லை, ஆர்.சி.யிலிருந்து லோனை நீக்கக் கொடுக்கும் ஃபாரம் 35-ம் வரவில்லை. "ஒரு வாரத்துல வந்துடும், நான் இருக்கேன்ல." அவர் இருப்பார்தான். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஃபாரத்தில் ‘பாய் இருக்கார்’ என்று எழுத இடம் இல்லையே. இரண்டு வாரம் காத்திருந்து பார்த்தோம். தாள் வரவில்லை.

கடைசியில் உள்ளூரிலேயே வாங்கினோம், சென்னைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. ஹேண்ட்லிங் சார்ஜ் போயிற்று, ஆக்சசரீஸ் போயிற்று, இன்சூரன்ஸை வெளியில் எடுத்தோம். அப்படியும் சென்னையைவிட 6,000 அதிகம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது சரியாகப் போயிற்று என்று வைத்துக்கொண்டேன்.

முதல் சர்வீஸுக்குப் போனபோது அந்தப் பையன் இல்லை. ராணிப்பேட்டையில் பைக் விற்கப் போய்விட்டானாம். கவுன்ட்டரில் புதிதாக வந்திருந்த பெண் நிமிராமல், "வண்டி நம்பர்?" என்றாள். போன வாரம் டேஷ்போர்டில் ஏதோ மஞ்சள் விளக்கு எரிந்ததும் அப்பா ஷோரூமுக்குப் போன் போடவில்லை, அவனுக்குத்தான் போட்டார். எடுத்துப் பேசினான். டயரில் காற்று கம்மியாம்.